நிலமா, வடிகாலா? கண்டிப் பகுதியில் மீன் வளர்ப்புப் பேட்டை அமைத்தல்

மீன் வளர்ப்புப் பேட்டை என்பது நிலம், வீதி, மின்சாரம், நீர் வரவு, கழிவுநீர் வெளியேற்றம் ஆகியவற்றை அரசு முன்கூட்டியே அமைத்து, வளர்ப்புத் தொழில் நடத்துவோருக்குப் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விடும் ஏற்பாடாகும். ஹவாய்த் தீவில் 1974இல் தோன்றிய இயற்கைச் சக்தி ஆய்வுகூடம், ஆழ்கடலின் குளிர்நீரைக் குழாய்வழி ஏற்றிக் கரையிலுள்ள வளர்ப்பு நிறுவனங்களுக்கு வழங்கிவருவது இதற்கு நன்கறியப்பட்ட சான்று. கண்டிக்கும் பேட்டை என்னும் கருத்து அந்நியமன்று; பல்லேகலையில் முதலீட்டுச் சபையின் கைத்தொழில் பேட்டை இயங்குகிறது. எனினும் நீருயிரின வளர்ப்புக்கான பேட்டை என்றதும் இலங்கையில் மன்னார், மட்டக்களப்பு, அம்பாந்தோட்டை ஆகிய கரையோரங்களே நினைவுக்கு வருகின்றன. மலைநாட்டில் அத்தகைய பேட்டை அமையுமாயின், அரசு முதலில் வழங்கவேண்டியது மலிவான நிலத்தை அன்று, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வடிகாலையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதத்துக்கான முதற்சான்று புத்தளம் மாவட்டத்தில் கிடைக்கிறது. அங்கு 1980களில் பெருகிய இறால் பண்ணைகள், ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் அதனோடு இணைந்த களப்புகளிலிருந்தும் நீரைப் பெற்று, கழிவையும் அவற்றிலேயே விட்டன. 1996இல் வெண்புள்ளி வைரசு நோய் பரவியபோது ஒரு பண்ணையின் கழிவே அடுத்த பண்ணையின் வரவாக இருந்தமையால் தொழிலின் பெரும்பகுதி முடங்கியது. கால்வாயை வலயங்களாகப் பிரித்து, குஞ்சு விடும் காலத்தை முறைப்படுத்தும் பயிர் நாட்காட்டி பின்னரே வந்தது. சட்டமும் இதில் போதிய துணை செய்யவில்லை. சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டம் தொடங்குமுன் அதன் விளைவுகளை ஆராயும் நடைமுறை, 1993ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தலின்படி 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட நீருயிரின வளர்ப்புத் திட்டங்களுக்கே கட்டாயமாகும். ஆகவே சிறு பண்ணைகள் பல ஒரே நீர்வழியில் அடுத்தடுத்து அமைந்தால், அவற்றின் கூட்டு விளைவு எவருடைய மதிப்பீட்டிலும் இடம்பெறாது.

கண்டியின் நில அமைப்பு இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. பேராதனை, கட்டம்பே, கட்டுகஸ்தோட்டை வழியே நகரை வளைந்து செல்லும் மகாவலி கங்கை பொல்கொல்லவில் தடுக்கப்படுகிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய அவ்வணை, ஆற்றுநீரின் ஒரு பகுதியைச் சுரங்கவழியே உக்குவெல மின்னிலையத்துக்குத் திருப்புகிறது; அந்நீர் சுது கங்கை, அம்பன் கங்கை ஊடாகப் பொவதென்னவை அடைந்து, கலாவெவ முதலிய உலர்வலயக் குளங்களுக்குப் பிரிந்து செல்கிறது. எஞ்சிய நீர் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. நகரின் மெத எல ஓடையும் அக்குறணைப் பக்கமிருந்து வரும் பிங்கா ஓயாவும் பொல்கொல்லவுக்கு மேலேயே ஆற்றில் கலப்பதால், அங்குள்ள ஒரு தொட்டியிலிருந்து தப்பும் மீனுக்கும் நோய்க்கிருமிக்கும் அவ்வுலர்வலயக் குளங்கள் வரை வழி திறந்திருக்கிறது. இது வெறும் அச்சம் அன்று: மீன் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ எனப்படும் அமேசன் கெளிறு, அலங்கார மீன் வணிகத்தின் வழியே நாட்டுக்குள் வந்து, இன்று பொல்கொல்ல, விக்டோரியா நீர்த்தேக்கங்களில் நிலைத்துவிட்டது. மகாவலி வடிநிலத்துக்கே உரிய ‘லேபியோ ஃபிஷெரி’ போன்ற மீன்கள் இதே மேலாற்றுப் பகுதியில்தான் எஞ்சியுள்ளன.

ஆகவே பேட்டையின் இடத்தைத் தெரிவதில் பொல்கொல்ல அணை ஓர் எல்லைக்கோடாகிறது. அணைக்கு மேலே அமையும் பேட்டை, கட்டுகஸ்தோட்டையில் எடுக்கப்படும் குடிநீரையும் வடக்கே திரும்பும் நீரையும் ஒருங்கே ஆபத்துக்கு உள்ளாக்கும். குண்டசாலை, திகன பக்கம் அமைவது விக்டோரியாவை மட்டுமே தொடும். அதுவும் சிறிய பொறுப்பன்று. அந்நீர்த்தேக்கத்தை நம்பி வாழும் மீனவர் உளர்.

எதை வளர்ப்பது என்ற வினாவுக்கு விடை எளிது. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியின் நீர் திலாப்பியாவுக்குச் சற்றுக் குளிர்ந்தது. அம்மீன் உலர்வலயக் குளங்களில் தொட்டிச் செலவின்றியே பெருகும்போது, குத்தகை செலுத்தி இங்கு வளர்ப்போர் விலையில் போட்டியிட முடியாது. மாறாக, கப்பி போன்ற அலங்கார மீன்கள் சிறிய சீமெந்துத் தொட்டியிலும் வருமானம் தருவன. அவை கொல்லப்படுவதற்காக வளர்க்கப்படுவனவுமல்ல. இது தலதா மாளிகை நகரில் புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. உயிர்க்கொலைக்கு எதிரான பௌத்த எதிர்ப்பின் பின்னணியில் 1990இல் அரசு உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை முற்றாக விலக்கி, 1994இலேயே மீட்டளித்தது. அரசு கைவிட்டால் நான்கே ஆண்டுகளில் என்ன நேரும் என்பதை அறிந்த துறைக்கு, ஆட்சி மாற்றத்தைத் தாங்கும் நீண்டகாலக் குத்தகை உறுதி இன்றியமையாதது.

வீட்டு முற்றத்துத் தொட்டிகளில் மீன் வளர்க்கும் குடும்பங்களைப் பேட்டை ஓரங்கட்டும் என்ற எதிர்வாதம் வலுவானது. வளர்ப்பு முழுவதையும் மதிலுக்குள் கொண்டுவர முயன்றால் அவ்வாறே நேரும். ஆனால் தாய்மீன் பராமரிப்பு, புதிதாக வரும் மீனைத் தனித்து வைத்து நோய் பார்க்கும் தனிமைப்படுத்தல், ஏற்றுமதிக்கான பொதியிடல் ஆகிய மூன்றையும் பேட்டை ஏற்றுக்கொண்டு, குஞ்சு வளர்ப்பை வீடுகளிடமே விடலாம். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் நீருயிரின நோய் கண்டறியும் நிலையம் அருகிலேயே இருப்பது, கரையோரப் பேட்டைகளுக்கு எளிதில் கிட்டாத வாய்ப்பு. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, கினிகத்தேனையிலும் ரம்பொடகல்லவிலும் அலங்கார மீன் நிலையங்களை நடத்திய அனுபவமும் உடையது. எனினும் வீட்டுத் தொட்டிகளின் வடிகால் பேட்டையின் கண்காணிப்புக்கு வெளியேதான் இருக்கும். அந்நிய இனங்களையும் தாய்மீன்களையும் பேட்டைக்குள் மட்டுமே அனுமதித்து, உள்ளே வெளியேற்றத்தை வலையும் வடிகுளமும் கடக்கச் செய்தால் அபாயம் குறையும்; அதற்கேற்பக் குத்தகையும் பேர்ச் என்னும் நில அளவுக் கணக்கில் நிலத்துக்கு விதிக்கப்படாமல், ஒவ்வொரு தொழிலகமும் வெளியேற்றும் நீரின் அளவுக்கு விதிக்கப்பட வேண்டும்.