நுங்கு வண்டியிலிருந்து குட்டி பைக் வரை

எங்க ஏரல் பக்கம் பொறந்த பயலுகளுக்கு முதல் வண்டி நுங்கு வண்டிதான். நுங்கைத் தின்னு முடிச்ச பனங்காய் இரண்டை ஒரு குச்சியில் கோர்த்து, கவட்டைக் கம்பால் தள்ளினா வண்டி ரெடி. செலவு பூஜ்யம். அடுத்தது சைக்கிள் டயர். அதுக்கும் அடுத்தது பேரிங் வண்டி. ஒர்க்‌ஷாப்பில் கழிச்சுப் போட்ட பேரிங் மூணு, ஒரு பலகை, நாலு ஆணி, அவ்வளவுதான். அது போடுற சத்தத்துக்கே தெருவில் திட்டு விழும். இந்த வரிசையில் கடைசியா வருவது குட்டி பைக். பழைய மொபெட் இன்ஜினை இரும்புப் பைப்பில் மாட்டி, சின்னச் சக்கரம் போட்டு, அப்பாவோ மாமாவோ பையனுக்குச் செஞ்சு கொடுக்கிற வண்டி.

எங்க அக்கா பையன் கொஞ்ச நாளா இதைத்தான் கேட்டு உயிரை வாங்குறான். கடையில் விக்கிற குட்டி பைக் விலையைப் பார்த்ததும் அத்தான் பழைய டிவிஎஸ் இன்ஜின் தேட ஆரம்பிச்சுட்டார். எனக்கு வெல்டிங் தெரியாது, நம்மால முடிஞ்சது கீபோர்டு தட்டுறதுதான். அதனால இந்த வண்டிக்குப் பூர்வீகம் எதுன்னு தோண்டினேன். தோண்டத் தோண்ட ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருது. எல்லாமே வேற வேலைக்குன்னு செஞ்சு, அந்த வேலை போயி, சும்மா கிடந்த இன்ஜினில் ஆரம்பிச்சிருக்கு.

முதல்ல ஜப்பான். 1946. போர் முடிஞ்சு ஊரெல்லாம் இடிபாடு. ரயிலில் கால் வைக்க இடமில்லை, பெட்ரோல் ரேஷன். ஹமாமட்சு ஊரில் சோய்ச்சிரோ ஹோண்டா கண்ணில் ஒரு குட்டி இன்ஜின் படுது. ராணுவ வயர்லெஸ் செட்டுக்குக் கரண்ட் கொடுக்கறதுக்காகச் செஞ்ச ஜெனரேட்டர் இன்ஜின் அது. ராணுவமே கலைஞ்ச பிறகு அதுக்கு ஏது வேலை? அதைத் தூக்கி சைக்கிளில் மாட்டினார். பெட்ரோல் டேங்குக்கு என்ன செய்ய? குளிருக்குப் படுக்கையில் வைக்கிற வெந்நீர்க் குடுவையை மாட்டிட்டார்! ஓட்டிப் பார்த்தது அவர் மனைவி சச்சி. அப்படிக் கிடைச்ச இன்ஜின் ஏறக்குறைய 500. அது தீர்ந்த பிறகுதான், 1947-ல், சொந்தமா இன்ஜின் செய்ய ஆரம்பிச்சாங்க. அந்த சைக்கிளுக்கு ஜனங்க வச்ச பேரு 'பட்டா பட்டா', அது போட்ட சத்தம்தான். நம்ம ஊர்ப் பெரியவங்க மோட்டார் பைக்கை 'பட்பட்டி'ன்னு சொன்னதும் அதே கணக்குத்தான் :-)

அதே ஹோண்டா கம்பெனி 1961-ல் டோக்கியோ பக்கம் டாமா டெக்னு ஒரு பொழுதுபோக்குப் பூங்கா திறந்து, குழந்தைகள் ஓட்ட 49 சிசி இன்ஜின், 5 இஞ்ச் சக்கரத்தோட ஒரு வண்டி விட்டாங்க. பெரியவங்க அதில் உட்கார்ந்தா குரங்கு குந்தின மாதிரி இருக்கும். அதனால 'மங்கி'ன்னே பேராச்சு. இன்னைக்கு உலகத்தில் குட்டி பைக்னு எதைச் சொன்னாலும் அதுக்கு இதுதான் தாத்தா. அதுக்கு முந்தியே ரெண்டாம் உலகப்போரில் பிரிட்டன் ராணுவம் வெல்பைக்னு 98 சிசியில் ஒரு மடக்கு வண்டி செஞ்சு, குழாய்ப் பெட்டிக்குள்ள வச்சு பாரசூட்டில் இறக்கியிருக்கு. உருவம் குட்டி, ஆனா பிள்ளைகளுக்கான வண்டி இல்லை. அமெரிக்காவில் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது புல்வெட்டும் மெஷின் இன்ஜின். 1956-ல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் முதல் கோ-கார்ட்டைச் செஞ்சதும் புல்வெட்டி இன்ஜினை வச்சுத்தான். மினி பைக்கும் அதே வழியில் வீட்டுக் கொட்டகைகளில் பெருகிச்சு.

நமக்குப் புல்வெளியும் இல்லை, புல்வெட்டும் மெஷினும் இல்லை. நமக்குக் கிடைச்சது மொபெட். திருப்பதியில் சுவேகா, 1972-ல் புனேயில் லூனா, 1980-ல் ஓசூரில் டிவிஎஸ் 50. இரண்டு பேர் உட்கார்ந்து போற முதல் இந்திய மொபெட் அதுதான். (டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்தது நம்ம திருக்குறுங்குடியில். சும்மா ஊர்ப்பெருமை!) மீன் கூடை, வாழைத்தார், தண்ணிக் குடம்னு அதில் ஏறாத சரக்கு இந்தக் கரையில் கிடையாது. ஓடி ஓடிக் கடைசியில் பழைய இரும்புக் கடைக்கு வரும்போதும் அதோட இன்ஜின் பெரும்பாலும் உயிரோட இருக்கும்.

அந்த இன்ஜின் ஏன் இதுக்குத் தோதுன்னா, அதில் கியரும் கிடையாது, பிடிச்சு விடுற கிளட்சும் கிடையாது. வேகம் கூடினா உள்ளே இருக்கிற கட்டைகள் விரிஞ்சு தானே கவ்விக்கும். பிள்ளைக்கு ஆக்சிலேட்டரும் பிரேக்கும் தெரிஞ்சா போதும். சக்கரத்தைச் சின்னதாக்கினா இன்னொரு லாபம். விட்டம் பாதியானா அதே ஆர்.பி.எம்.மில் வேகமும் பாதியாகும், இழுவை இரட்டிப்பாகும்.

காசை எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாதுங்கிறதுதான் முக்கியமான விஷயம். டேங்க், சீட், பெயிண்ட் எல்லாத்திலும் கஞ்சத்தனம் பண்ணலாம். ஹோண்டாவே வெந்நீர்க் குடுவையை மாட்டினவர்தானே! ஆனா நம்ம ஆளுங்க மிச்சம் பிடிக்கிறது பிரேக்கில். நிறைய வீட்டு வண்டியில் பின்னாடி மட்டும் ஒரு பிரேக், சிலதில் செருப்புக் காலே பிரேக். இது ஆகவே ஆகாது. வேகம் 10-லிருந்து 20 ஆனா, நிறுத்த வேண்டிய சக்தி இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கிக்கிட்டா மேக்னெட்டோவை எர்த் பண்ணி இன்ஜினை அணைக்க ஒரு சுவிட்ச் வேணும். அதை ஒரு கயிற்றால் பையன் மணிக்கட்டில் கட்டிட்டா, விழுந்ததும் வண்டி தானா நிக்கும். செயினுக்கு மூடி, சைலன்சருக்குத் தகடு. அப்புறம் தண்ணிக்குப் போடுற ஜிஐ பைப்பை அப்படியே வெல்டிங் பண்ணக் கூடாது. மேலே இருக்கிற துத்தநாகம் புகையாகி, மூச்சில் போனா அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல் நடுக்கும். பூச்சைத் தேய்ச்சு எடுக்கணும், இல்லைன்னா சாதா பைப் வாங்கணும்.

சட்டத்தையும் படிச்சுப் பார்த்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி 50 சிசிக்குள்ள இருக்கிற பைக்கைப் பொது இடத்தில் ஓட்டவே 16 வயசாகணும், லைசென்ஸ் வேணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் சின்னப் பிள்ளை ரோட்டில் வண்டி ஓட்டிக் குற்றமானா பெத்தவங்களுக்கு 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். நாலு சக்கரத்துக்குக் குறைவா, 25 சிசிக்கு மேல் போகாம இருந்தா அந்தச் சட்டத்தின் கணக்கில் அது மோட்டார் வாகனமே இல்லை. டிவிஎஸ் 50 இன்ஜின் 49.9 சிசி, கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு! ஆக எங்க அத்தான் செய்யப் போறது தோப்புக்குள்ளேயும் களத்துக்குள்ளேயும் மட்டும் ஓடணும். தெருமுனைக் கடை வரைக்கும்கூடக் கிடையாது.

இனிமே அந்த இன்ஜினும் சுலபத்தில் கிடைக்காது போல. 2015-ல் எக்ஸ்எல் 100 வந்த பிறகு டிவிஎஸ் மொபெட் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிடுச்சு. பழைய டூ ஸ்ட்ரோக் ஒவ்வொண்ணா உருக்குக்குப் போகுது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஏரல் பஜாருக்குள்ளேயே வந்தப்போ சேத்தில் மூழ்கின வண்டிகள் கொஞ்சமா நஞ்சமா? அத்தான் இப்போ பார்க்கிறது கழிச்சுப் போட்ட பேட்டரி சைக்கிளின் 250 வாட் மோட்டாரை. பெட்ரோல் வேண்டாம், சத்தம் கிடையாது. பையனுக்கு அதுதான் வருத்தம். 'டுர்ர்ர்'னு கேக்கணுமாம்.