ராதாரிச் சீட்டும் விடுதிக் கூரையும்

கல்வி தேடி ஊர் கடந்து செல்லும் மாணவனுக்கு இரண்டு தேவைகள் உண்டு: தடையற்ற வழி, சென்ற இடத்தில் தங்க ஒரு கூரை. ஐரோப்பா இதை முன்பே உணர்ந்திருந்தது. கல்விக்காகப் பயணம் செய்வோருக்குப் பேரரசர் முதலாம் பிரெடரிக் 12ஆம் நூற்றாண்டிலேயே பாதுகாப்பு வழங்கினார். ஏழை இறையியல் மாணவர் தங்கிப் பயில, இராபர்ட் தெ சொர்போன் என்னும் குரு 1257இல் பாரிசில் ஓர் இல்லம் கண்டார். சொர்போன் என உலகம் போற்றும் பெயர் ஒரு விடுதியில் பிறந்ததே.

நம் மதுரைச் சீமையிலோ வழியை அடைத்தது அரசே. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1914 முதல் பிறமலைக் கள்ளர்மீது பாய்ந்தது. சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி அதற்கு முதலில் இலக்கான ஊர்களுள் ஒன்று. ஆண்களின் கைரேகை பதிவாயிற்று. ஆதலால் மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றனர். பதிவானவர் இரவில் காவலர் முன் நிற்க வேண்டும். ஊரெல்லை தாண்ட 'ராதாரிச் சீட்டு' பெற வேண்டும். மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். இம்மக்களுக்காகப் போராடியவர், சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். 'ரோசாப்பூ துரை' என்று அவரை அன்புடன் அழைத்தனர்.

அதே அரசுதான் 1920களில் 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயரில் பள்ளிகளையும் விடுதிகளையும் திறந்தது. (சீரமைக்க வேண்டியிருந்தது மக்களையா, சட்டத்தையா?) கண்காணிப்பின் ஒரு கரமாகவே அவை தொடங்கின. ஆயினும் மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்துப் பிள்ளைக்கு, ஊர்ப் பள்ளிக்கு அப்பால் படிக்க வேறு வழி ஏது? விடுதிச் சோறே அவனை மேல் வகுப்புக்குக் கொண்டுசேர்த்தது. தந்தை பதிவேட்டில் இருந்தால், மகனைக் காண வெளியூர் வரவும் அவருக்குச் சீட்டு வேண்டும்!

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது. பின்னர் மூக்கையாத் தேவரின் முயற்சியால் உசிலம்பட்டியிலேயே கல்லூரி எழுந்தது. 1966இல் உருவான மதுரைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்தே அமைந்தது. அங்கிருந்து கீழக்குயில்குடி சில கல் தொலைவுதான்.

விடுதிகள் நிலைத்தன, அவற்றோடு பிரிவினையும் நிலைத்தது. கள்ளர் விடுதி ஒரு துறையின்கீழ், ஆதிதிராவிடர் விடுதி வேறொரு துறையின்கீழ். ஒரே கல்லூரியில் அருகருகே அமர்ந்து பயிலும் இருவர் மாலையில் வெவ்வேறு வாசல்களுக்குத் திரும்பினர். 2025 ஜூலையில் தமிழக அரசு, தன் துறைகள் நடத்தும் மாணவர் விடுதிகள் அனைத்தும் 'சமூகநீதி விடுதிகள்' என்றே வழங்கப்படும் என அறிவித்தது.