கலப்புக் கான்கிரீட்டில் குளோரைடு பிணைப்பு

கடல்நீரிலிருந்தோ, குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பிலிருந்தோ கான்கிரீட்டுக்குள் நுழையும் குளோரைடு அயனிகளில் ஒரு பகுதியைச் சிமென்ட் பிடித்து நிறுத்திக்கொள்வது குளோரைடு பிணைப்பு எனப்படும். பிணைக்கப்படாமல் துளைநீரில் கரைந்திருக்கும் குளோரைடே உள்ளே பரவி, எஃகுக் கம்பியின் பாதுகாப்புப் படலத்தைக் குலைத்துத் துருப்பிடிக்கச் செய்கிறது.

தொடக்கம்

இரும்பு ஆலைக் கசடுக்குச் சிமென்ட் போல இறுகும் தன்மை உண்டு என்பதை 1862-இல் ஜெர்மனியின் எமில் லாங்கன் கண்டறிந்தார். கலப்புச் சிமென்ட்டின் வரலாறு இதிலிருந்து வளர்ந்தது. 1897-இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ஜார்ஜ் ஃபிரீடல், கால்சியம், அலுமினியம், குளோரின் அடங்கிய நீரேறிய உப்பு ஒன்றை விவரித்தார். 'ஃபிரீடல் உப்பு' எனப்படும் இச்சேர்மமே சிமென்ட்டின் அலுமினேட்டுகள் குளோரைடை வேதிமுறையில் பிணைக்கும்போது உருவாகிறது என்பது பின்னர் தெளிவானது.

கான்கிரீட் விரைவில் இறுகுவதற்காகக் கால்சியம் குளோரைடு சேர்க்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கம்பிகள் அரிக்கப்பட்ட பின்னரே அதன் தீமை முழுமையாக உணரப்பட்டது. 1977-இல் பிரிட்டனின் விதிமுறை, கம்பியிட்ட கான்கிரீட்டில் அதைச் சேர்ப்பதைத் தடுத்தது.

பரப்பின் பங்கு

1970-களின் தொடக்கத்தில் இத்தாலியின் மாரியோ கொல்லெபார்தியும் அவருடைய குழுவினரும், குளோரைடு ஊடுருவலை ஃபிக்கின் விரவல் விதியைக் கொண்டு கணக்கிட்டனர். ஆனால் உள்ளே வந்த குளோரைடில் எவ்வளவு தங்கிவிடுகிறது என்ற கேள்விக்கு விரவல் விதி மட்டும் விடை தராது. 1993-இல் சுவீடனில் டாங் லூபிங், லார்ஸ்-ஓலோஃப் நில்சன் ஆகியோர், பிணைப்புத் திறன் பெரிதும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் கூழின் அளவைச் சார்ந்தது எனக் காட்டினர்.

இக்கூழின் பரப்பளவு மிகப் பெரியது. காரம் மிகுந்த துளைநீரில் அதன் பரப்பிலுள்ள சிலிக்கா தொகுதிகள் புரோட்டானை இழந்து எதிர்மின்சுமை பெறுகின்றன. எதிர்மின்சுமை கொண்ட குளோரைடை இப்பரப்பு விலக்க வேண்டும். ஆனால் கால்சியம் அயனிகள் அதன்மீது படிந்து மின்சுமையை மாற்றிவிடுவதால் குளோரைடு ஈர்க்கப்படுகிறது. எனவே கூழில் சிலிக்காவுக்கு எதிரான கால்சிய விகிதம் கூடும்போது பரப்புக் கவர்ச்சியும் பொதுவாகக் கூடுகிறது.

கலப்புப் பொருள்களின் வேறுபாடு

உலைக்கசடும் நிலக்கரிச் சாம்பலும் அலுமினா தருவதால் ஃபிரீடல் உப்பு உருவாவதற்கு உதவுகின்றன. சல்பேட் மிகுந்தால் அலுமினேட்டுக்கான போட்டியில் குளோரைடின் பங்கு குறைகிறது. சிலிக்கா நுண்தூள் கூழின் கால்சிய விகிதத்தைக் குறைத்துப் பிணைப்பையும் குறைக்கிறது. ஆயினும் துளைகளை மிக நுண்ணியதாக்கி ஊடுருவலை மெதுவாக்குகிறது. அதனால் பிணைப்புத் திறனை மட்டும் வைத்து ஒரு கலவையின் தரத்தை முடிவுசெய்ய இயலாது. 100 ஆண்டு ஆயுளுக்கென வடிவமைக்கப்பட்டு 1998-இல் திறக்கப்பட்ட டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தில் நிலக்கரிச் சாம்பலும் சிலிக்கா நுண்தூளும் சேர்த்தே பயன்படுத்தப்பட்டன.

நிலையற்ற பிணைப்பு

பிணைந்த குளோரைடு என்றென்றைக்கும் அடங்கிவிடுவதில்லை. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கும்போது ஃபிரீடல் உப்பு சிதைகிறது. கூழின் பரப்பும் மாறுகிறது. பிடிபட்டிருந்த குளோரைடு மீண்டும் துளைநீரில் கலந்து கம்பியை நோக்கி நகரக்கூடும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000), கம்பியிட்ட கான்கிரீட்டை இடும்போது கன மீட்டருக்கு 0.6 கிலோ என்ற உச்சவரம்பை விதிக்கிறது. இவ்வரம்பு தனித்த குளோரைடுக்கு மட்டுமன்றி, அமிலத்தில் கரையும் மொத்தக் குளோரைடுக்கும் உரியது. இன்று பிணைந்திருப்பது நாளை விடுபடலாம் என்பதால் இவ்வாறு கணக்கிடுவதே பாதுகாப்பானது.