எஸ்எஸ்எல்சி, ஓ லெவல், எஸ்பிஎம்: எந்தச் சான்றிதழ் எதற்கு இணை?

ஏலப்பாறை (கேரளா): இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில் உள்ள ஏலப்பாறையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. தமிழ்வழியில் படிக்கும் மாணவர்கள் கேரள எஸ்எஸ்எல்சி தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மேற்படிப்புக்குத் தமிழகத்துக்கோ வேலைக்கு வெளிநாட்டுக்கோ செல்லும்போது, அந்தச் சான்றிதழின் மதிப்பு என்ன என்ற கேள்வி எழுகிறது. இலங்கை, மலேசியத் தோட்டத் தமிழர்களுக்கும் இதே கேள்வி உண்டு.

கேரளமும் தமிழகமும்

இரண்டும் 10ஆம் வகுப்புத் தேர்வுகளே. தமிழகத்தில் 5 பாடங்களுக்கு 500 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சிக்கு 35 தேவை. கேரளச் சான்றிதழில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக 'ஏ பிளஸ்' முதல் 'இ' வரை 9 தரநிலைகள் உள்ளன. மேற்படிப்புக்கு ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 'டி பிளஸ்' பெற வேண்டும்.

இலங்கை, மலேசியா, இங்கிலாந்து

இலங்கையில் 11ஆம் தரத்தில் சாதாரண தரத் தேர்வும் (ஓ லெவல்), 13ஆம் தரத்தில் உயர்தரத் தேர்வும் (ஏ லெவல்) நடைபெறுகின்றன. அரசுப் பல்கலைக்கழக அனுமதி, உயர்தரத்தின் 'இசட்' புள்ளி அடிப்படையில் அமைகிறது. தமிழில் தேர்வெழுத வாய்ப்பு உண்டு.

மலேசியாவின் எஸ்பிஎம் தேர்வு 11 ஆண்டுப் படிப்பின் முடிவில் வருகிறது. மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. தமிழ்மொழியை ஒரு பாடமாக எழுதலாம்.

இங்கிலாந்தில் 16 வயதில் ஜிசிஎஸ்இ, 18 வயதில் ஏ லெவல்.

குழப்பம் எங்கே?

ஓ லெவல், எஸ்பிஎம், ஜிசிஎஸ்இ ஆகியவை பள்ளிப்படிப்பின் முடிவு போலத் தோன்றினாலும், இந்தியாவில் பிளஸ் 2வுக்கு இணையாகா. 10ஆம் வகுப்பு நிலையிலேயே வைத்துப் பார்க்கப்படுகின்றன. பட்டப்படிப்பில் சேர 12 ஆண்டுப் பள்ளிக் கல்வி தேவை. ஏ லெவல், மலேசியாவின் எஸ்டிபிஎம் ஆகியவையே பிளஸ் 2 நிலைக்கு நெருக்கமானவை. வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கு இணைச் சான்று வழங்கும் பணியை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நெடுங்காலமாகச் செய்து வந்தது.

கடவுச்சீட்டிலும் பயன்

10ஆம் வகுப்பு தேர்ச்சி பெற்றவர்களுக்குக் குடியேற்ற அனுமதி தேவைப்படாத கடவுச்சீட்டு கிடைக்கும். தேர்ச்சி பெறாதவர்கள், வேறு விலக்கு இல்லாவிட்டால், வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் முன் அனுமதி பெற வேண்டும். தோட்டக் குடும்பத்து இளைஞருக்கு எஸ்எஸ்எல்சி, பிளஸ் 1 வகுப்புக்கான நுழைவுச்சீட்டு மட்டுமல்ல. வெளிநாட்டு வேலைக்கான முதல் தகுதியும் அதுவே.