அரக்கில் அடைத்த குரல்

"தாத்தா காலத்து கிராமஃபோன் ரெக்கார்டு ஒரு பெட்டி நிறைய பரண்ல இருக்கு, என்ன பண்றது?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி, அந்தக் கறுப்புத் தட்டு எதனால் ஆனதுன்னு பார்த்துடலாம். அதை எப்படி வைக்கணும்ங்கிற விஷயம் முழுக்க அதுலதான் இருக்கு.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அந்தப் பழைய தட்டுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் கிடையாது, அரக்கு. ஆமாம், பாண்டவர்களைக் கொளுத்தக் கட்டினாங்களே அரக்கு மாளிகை, அதே அரக்குதான். புரசு, இலந்தை மாதிரி மரங்களின் கிளையில் ஒரு குட்டிப் பூச்சி சுரக்கும் பிசின். (புரசைவாக்கத்துக்குப் பேர் கொடுத்த அதே புரசு.) சோட்டா நாக்பூர் காடுகளில் பழங்குடி மக்கள் சேகரித்த இந்தப் பிசின்தான் உலகம் முழுக்கப் போனது.

1902 நவம்பரில் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். மெழுகில் பதிந்த அந்தப் பாட்டு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போய், தட்டாக அச்சாகி, கப்பலேறித் திரும்பி வந்தது. நம்ம ஊர் பருத்தி மான்செஸ்டர் போய்த் துணியாகத் திரும்பின கதைதான். 1908-ல் கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் இங்கேயே தட்டு அச்சடிக்க ஆரம்பிச்சாங்க.

இப்ப ஒரு விசித்திரம். அரக்கோடு கல்தூளையும் கலந்திருப்பாங்க. எஃகு ஊசியின் முனையை அந்தக் கல்தூள் தேய்த்து, பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரும். அதனாலதான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாட்டணும். ஆனா ஊசி சும்மா இருக்குமா? அதுவும் பள்ளத்தைத் தேய்க்கும். படிக்கிற ஒவ்வொரு தடவையும் ஃபைலைக் கொஞ்சம் அழிக்கிற ஹார்ட் டிஸ்க்கை யோசிச்சுப் பாருங்க. அதிகம் ரசிக்கப்பட்ட பாட்டுதான் அதிகம் அழிந்த பாட்டு.

தேயாமல் தப்பியதையும் போர் விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் அரக்கு வெடிமருந்துத் தயாரிப்புக்குத் தேவைப்பட்டது, கப்பல் வழியும் அடைபட்டது. 1942-ல் அமெரிக்க அரசு ரெக்கார்டுக்குப் போகும் அரக்கை 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டுகளை மக்களிடம் வாங்கி, அரைத்து, புதுப் பாட்டு அச்சடித்தார்கள். அச்சடிக்கும் உலோக மாஸ்டர்களும் பல இடங்களில் உருக்கப்பட்டன. அதனால, ஒரு பாட்டின் மிச்சமிருக்கும் ஒரே பிரதி யாரோ ஒருத்தர் வீட்டுப் பரணில் இருக்க நிஜமாகவே வாய்ப்பு இருக்கு.

அந்தப் பரண்தான் முதல் பிரச்சினை. மே மாதம் கான்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கும் சூட்டில் அரக்கு வளையும். கீழே இறக்கி, சுவர் ஈரம் படாத அலமாரியில் வைங்க. அடுக்கி வைக்காதீங்க. அரக்குத் தட்டு கனம், அதே நேரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். நூலகத்தில் புத்தகம் நிற்கிற மாதிரி நிமிர்த்தி, சாயாமல் நிறுத்தணும். பூஞ்சை பிடித்த பழைய உறைகளை மாற்றி, அமிலமில்லாத காகித உறை போடுங்க. உறையில் கடைப்பேரோ எழுத்தோ இருந்தால் அதைத் தனியா எடுத்து வைங்க, அதுவும் சரித்திரம்தான்.

ஸ்பிரிட்டால் மட்டும் துடைச்சிடாதீங்க, ப்ளீஸ். தச்சர்கள் பாலிஷ் போட அரக்கை எதில் ஊறவைத்துக் கரைக்கிறாங்க? ஸ்பிரிட்டில்தான். வைனல் ரெக்கார்டு துடைக்க விற்கும் திரவம் பலவற்றில் ஆல்கஹால் இருக்கு. ஒரே துடைப்பில் பாட்டு பஞ்சோடு வந்துடும்.

உடைந்ததையும் தூக்கிப் போடாதீங்க. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர், விட்டாலி ஃபதேயெவ் என்ற இயற்பியலாளர்கள், துகள்களின் தடத்தை அளக்கிற வேலையில் இருந்தவங்க, அதே உத்தியை ரெக்கார்டின் பள்ளத்துக்குப் பயன்படுத்தினாங்க. தட்டைத் தொடாமல் படம் பிடித்து, பள்ளத்தின் நெளிவை மென்பொருள் ஒலியாக மாற்றும். பேர் ஐரீன். துண்டுகளைச் சேர்த்து வைத்தும் படிக்க முடியுது. தேயாமல் கேட்பது இப்பதான் சாத்தியமாகியிருக்கு.

நம்ம வீட்டுக்கு ஐரீன் வராது. ஆனா போன் இருக்கு. இந்த வார இறுதியில் ஒவ்வொரு லேபிளையும் படம் எடுங்க. லேபிளை ஒட்டி, தட்டிலேயே பதிந்திருக்கும் எண்ணையும் சாய்ந்த வெளிச்சத்தில் எடுங்க. அது எந்தப் பதிவுன்னு சேகரிப்பாளர்கள் கண்டுபிடிக்கிறது அந்த எண்ணை வெச்சுத்தான். பாடவிடுறது அப்புறம், அதுவும் 78-க்கான அகல ஊசி கையில் வந்த பிறகு.