இரண்டு கடிகாரங்கள்: குழந்தைகளின் செப்சிஸில் அவசரமும் நிதானமும்

காய்ச்சலோடு தூக்கி வரப்பட்ட நான்கு வயதுக் குழந்தைக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் நிம்மதியடைந்தால் அங்கேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது. தொற்றை எதிர்க்கும் உடலின் முயற்சி கட்டுமீறிப் போய்ச் சொந்த உறுப்புகளையே கெடுக்கும் நிலைதான் செப்சிஸ். குழந்தையின் ரத்தக்குழாய்கள் இறுகிக்கொண்டும் இதயம் வேகமாகத் துடித்தும் அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். வயதை இரண்டால் பெருக்கி 70-ஐக் கூட்டுவது வழக்கமான கணக்கு. அதன்படி இந்தக் குழந்தைக்கு மேல் அழுத்தம் 78-க்குக் கீழே இறங்கும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும்.

அதற்கு முன்பே சேதி சொல்வது தோல். மார்பெலும்பின் மேல் விரலை ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். மூன்று, நான்கு என்று எண்ணிக்கை நீண்டால் கவலைதான். முழங்கால்வரை சில்லிட்ட கால்கள், ஊசி குத்தியும் அழாத சோர்வு, காலையிலிருந்து சிறுநீர் கழிக்காதது எல்லாம் இதே கதையைச் சொல்கின்றன. "இவன் இப்படிக் கிடக்கிற பிள்ளையே இல்லை" என்று தாய் சொல்வதையும் பரிசோதனைக் குறிப்பாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

2024 ஜனவரியில் வெளியான ஃபீனிக்ஸ் வரையறை, மூச்சு, ரத்த ஓட்டம், ரத்த உறைவு, மூளை ஆகிய நான்கிலும் ஏற்பட்ட பழுதுக்கு மதிப்பெண் போடுகிறது. தொற்றுள்ள குழந்தைக்கு இரண்டு மதிப்பெண் சேர்ந்தால் செப்சிஸ். சாதாரணச் சளிக்காய்ச்சலையும் உள்ளே இழுத்துக்கொண்ட 2005 வரையறையைவிட இது துல்லியமானது. ஆனால் உறுப்பு பழுதான பிறகே மதிப்பெண் ஏறும் என்பதால், முன்கூட்டிக் கண்டுபிடிக்க இது உதவாது. வகுத்தவர்களே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

தாமதத்தின் விலைக்கு நியூயார்க்கின் ரோரி ஸ்டான்டன் சாட்சி. 2012-இல் பள்ளியில் கூடைப்பந்து விளையாடும்போது கையில் சிராய்ப்பு. காய்ச்சலும் வாந்தியும் வந்தபோது வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டான். ரத்தப் பரிசோதனை முடிவு அவன் கிளம்பிய பிறகுதான் வந்தது. ஏப்ரல் 1 அன்று, 12 வயதில், இறந்தான். மறு ஆண்டே அந்த மாநிலம் விதி கொண்டுவந்தது: ரத்தக் கல்ச்சர், ஆண்டிபயாடிக், கிலோவுக்கு 20 மில்லி சலைன், மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள். 1,179 குழந்தைகளைப் பார்த்த 2018 ஆய்வில், மூன்றும் உரிய நேரத்தில் கிடைத்தவர்களிடம் இறப்பு குறைவு. மூன்றில் எது காப்பாற்றியது என்பதை மட்டும் அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எது காப்பாற்றியது என்று தெரியாத இந்த இடைவெளி சிறியதல்ல, ஏனெனில் மூன்றில் ஒன்றான சலைன் ஏற்கெனவே கேள்விக்குள்ளாகியிருந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்த ஃபீஸ்ட் ஆய்வு 2011-இல் வெளிவந்தபோது குழந்தை மருத்துவ உலகமே திகைத்தது. ரத்த ஓட்டம் குறைந்த 3,141 குழந்தைகளில், வேகமாகச் சலைன் ஏற்றப்பட்டவர்களில் 10.5 சதவீதத்தினர் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா, பலருக்குக் கடும் ரத்தசோகை, வென்டிலேட்டர் வசதியும் கிடையாது. ஆகவே அந்த முடிவை அப்படியே சென்னைக்கோ நியூயார்க்குக்கோ பெயர்த்துவிட முடியாது. இது நியாயமான மறுப்பு. ஆனாலும் 'தண்ணீர்தானே, என்ன செய்துவிடும்' என்ற நினைப்பை அந்த ஆய்வு உடைத்தது. நுரையீரலில் நீர் கோத்துத்தான் இறந்திருப்பார்கள் என்று பலர் ஊகித்தார்கள். பின்னர் அலசியபோது கூடுதல் இறப்புக்குப் பெரும்பாலும் ரத்த ஓட்டம் குலைந்ததே காரணமாகத் தெரிந்தது.

தீவிர சிகிச்சை வசதியுள்ள டெல்லி எய்ம்ஸில் நடந்து 2017-இல் வெளியான சிறிய ஆய்வும் இதே திசையைக் காட்டியது. அதே அளவு சலைனை 5-10 நிமிடத்தில் தள்ளாமல் 15-20 நிமிடத்தில் ஏற்றியபோது, செயற்கைச் சுவாசம் தேவைப்பட்ட குழந்தைகள் குறைந்தார்கள்.

ஆக, பொன்னான ஒரு மணி நேரத்துக்குள் ஓடுவது இரண்டு கடிகாரங்கள். ரத்த ஓட்டம் குலைந்த அதிர்ச்சி நிலையில் ஆண்டிபயாடிக்கின் கடிகாரத்தை எந்த ஊரிலும் நிறுத்திவைக்கக் கூடாது. சலைனின் கடிகாரமோ கட்டில் எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. 2020 சர்வதேச வழிகாட்டி இதை ஒப்புக்கொள்கிறது: தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தால் முதல் மணி நேரத்தில் கிலோவுக்கு 40 முதல் 60 மில்லிவரை போகலாம், அது இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் இறங்காத குழந்தைக்கு வேகமாக ஏற்றவே வேண்டாம்.

பத்து கிலோ குழந்தைக்கு ஒரு தடவை 100 மில்லி என்றால், 50 மில்லி சிரிஞ்சில் இரண்டு தரம். இரண்டுக்கும் நடுவே வலது விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்க்க வேண்டும். சற்றுமுன் தட்டுப்படாத ஈரல் இப்போது விரலில் இடறினால், அடுத்த சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு அட்ரினலின் கலக்கச் சொல்ல வேண்டும்.