ஏழு நிற விரதம்

யோகா வகுப்புச் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். சம்மணமிட்ட ஓர் உருவம், முதுகுத்தண்டு நெடுக ஏழு சக்கரங்கள், அடியில் சிவப்பு, உச்சியில் ஊதா. ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று தோன்றும். ஆனால் அந்த வானவில் வரிசை நம் பாட்டிமார்களைவிட இளையது.

1577-இல் வங்காளத்துப் பூர்ணானந்தர் 'ஷட்சக்ர நிரூபணம்' எழுதினார். ஆறு சக்கரங்கள், மேலே ஆயிரம் இதழ்த் தாமரை. அதில் தொப்புளருகே உள்ள மணிபூரகத்தின் இதழ்கள் கார்மேக நிறம். புருவ நடுவிலுள்ள ஆக்ஞையோ நிலவின் வெண்மை. வானவில்லின் சாயலே இல்லை.

அந்நூலை 1919-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ரோஃப். ஆர்தர் அவலோன் என்ற புனைபெயரில். அடுத்த தாவல் நம் சென்னையில்! 1927-இல் அடையாறு பிரம்மஞான சபை, தன் உறுப்பினர் லெட்பீட்டரின் சக்கர நூலை வண்ணப் படங்களோடு வெளியிட்டது. தம் ஞானக்கண்ணில் கண்டதையே விவரிப்பதாகச் சொன்ன அவர், இரண்டாம் சக்கரத்தை மண்ணீரலுக்கே இடம் மாற்றிவிட்டார்.

அதன்பின் கலிஃபோர்னியா. ஜமைக்காவில் வணிகம் செய்து செழித்து அங்கே வந்த கிறிஸ்டோபர் ஹில்ஸ் போன்றவர்கள் 1970-களில் சக்கரங்களை நியூட்டனின் ஏழு நிறங்களோடு வரிசையாகப் பொருத்தினார்கள். ஒளியை ஏழாக நியூட்டன் வகுத்ததோ, ஏழு சுரங்களுக்கு இணை தேடித்தான்!

நிறமும் சுரமும் ஒரு பெண்ணின் உடலில் மறுபடி சேர்ந்தன. லிண்டா மொன்டானோ, கன்னியர் மடத்தில் இரண்டு ஆண்டு இருந்து வெளியேறியவர். பின்னர் ராமமூர்த்தி மிஸ்ராவிடம் யோகம் பயின்றார். 1983-இல் சக கலைஞர் டெஹ்சிங் ஷியேவோடு எட்டடிக் கயிற்றால் இடுப்பைப் பிணைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் தொடாமல் ஓராண்டு வாழ்ந்தார். 1984 டிசம்பரில் அடுத்த விரதம்: ஏழு ஆண்டு, ஆண்டுக்கு ஒரு சக்கரம். அந்த ஆண்டு முழுக்க ஒரே நிற உடை. தினமும் அதே நிற அறையில் மூன்று மணி நேரம், ஒரே சுரத்தைக் கேட்டபடி ஏழு மணி நேரம். மாதம் ஒருநாள் நியூயார்க்கின் நியூ மியூசியத்தில் அமர்ந்து, வந்தவர்களின் கை பார்த்துக் குறை கேட்டார். முடிந்ததும் இன்னோர் ஏழு ஆண்டு!

என்னைப் பின்பற்றுங்கள் என்று அவரே மற்றக் கலைஞர்களை அழைத்தார். நியூயார்க்கின் நிழலுலகத்தில் பாலியல் தொழில் செய்து கலைக்கு வந்த ஆனி ஸ்பிரிங்க்கிள், அதை ஏற்றுத் தம் துணைவி எலிசபெத் ஸ்டீவன்ஸோடு 2005 முதல் ஆண்டுக்கொரு நிறத்தில் திருமணம் நடத்தினார். பச்சை ஆண்டில் மணமகள் பூமி. நீல ஆண்டில், 2009-இல், வெனிஸ் போய்க் கடலை மணந்தார்கள். இடைக்காலத்தில் அதே நகரத்தின் ஆட்சித்தலைவர் ஆண்டுதோறும் கடலில் மோதிரம் எறிந்து 'மணம்' செய்துகொண்ட சடங்கு அது.

வழியெங்கும் பிழையாகப் படியெடுத்த வரிசைதான். ஆனால் இந்தப் பெண்கள் அதைப் பதினான்கு ஆண்டு, ஏழு ஆண்டு என்று உடுத்தியே வாழ்ந்தார்கள். சடங்குக்குப் புனிதம் ஊறுவது அந்த விடாப்பிடியில்தான்.